கலியாண வீடுகள் இல்லாத வருசம்

லூயிஷாம், லண்டன்
சித்திரை மாதம், ஞாயிறு பின்னேரம்

அன்பு மகள் கோசிகாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நான் சுகம். அங்கே மெல்பேணில் நீயும் மருமகன் றமணனும் சுகமாக இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன், நம்புவதை விட்டால் வேறு வழி இல்லை, ஏனென்றால் சுகமில்லாவிட்டால் நீ எனக்குச் சொல்கிற ஆள் இல்லை. போன மாசம் உனக்குக் காய்ச்சல் வந்து மாறிய செய்தியைப் கிழக்கு லண்டனில் பார்க்கிங் என்ற ஊரில் இருந்து உன் சித்தப்பாதான் எனக்குச் சொன்னார். ஒவ்வொரு நாளும் போனில் முகம் பார்க்கிறோமே, பிறகு எதற்கு இந்த மனுசி முத்திரை ஒட்டிக் கடிதம் போடுகிறாள் என்று நீ யோசிப்பாய். போனில் நான் ஒரு கதையைத் தொடங்கினால் நீ அதை முடித்து வைத்துவிடுகிறாய். கடிதத்துக்குள் நீ குறுக்கே பாய ஏலாது. அதுதான். எட்டாம் வகுப்போடு நின்றவளின் எழுத்து, பிழைகள் இருக்கும், ஆனால் நீ சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் படித்த பிள்ளை, அதனால் உனக்கு ஒன்றும் தெரியப் போவதில்லை. றமணனிடம் கொடுத்து வாசிப்பிக்காதே. நீயே எழுத்துக் கூட்டி வாசி. மெதுவாக வாசிக்கிற ஆளுக்குக் கோபமும் மெதுவாகத்தான் வரும்.

வெள்ளிக்கிழமை நீ போனில் கத்தியதில் எனக்குக் கோபம் இல்லை. கொம்மாவுக்கு மண்டை பிழைச்சுப் போச்சு, தனியப் பிரான்சுக்கு ரயிலிலை போகப் போறாவாம் என்று சித்தப்பா உனக்கு எடுத்துச் சொல்லியிருக்கிறார், நீ உடனே எனக்கு எடுத்தாய். “அம்மா, அப்பா போனாப்பிறகு நீங்கள் மார்க்கெட்டைத் தாண்டித் தனியப் போனதில்லை. சீரியஸ்லி, பிரான்ஸ்? ரிக்கற்றைக் கான்சல் பண்ணுங்கோ. ஓகஸ்டிலை நான் வாறன், வீட்டை விப்பம், நீங்கள் என்னோடை வாறீங்கள், அவ்வளவுதான்” என்றாய். இந்த அவ்வளவுதானை நீ அப்பாவிடம்தான் பழகினாய். அவரும் அவ்வளவுதான் என்று சொல்லிவிட்டு எழும்பிப் போவார், கொஞ்ச நேரத்தில் குசினிக்குள் வந்து, அப்ப என்ன செய்வம் என்று என்னைக் கேட்பார். அந்த இரண்டாம் பாதியை நீ பழகவில்லை. பரவாயில்லை, நீ கேட்டதாகவே வைத்துக்கொண்டு நான் மறுமொழி எழுதுகிறேன். இந்த வீட்டில் இனி நான் தனிய இருக்க ஏலுமா ஏலாதா என்பதுதான் கேள்வி. நீ ஏலாது என்கிறாய். எனக்குத் தெரியாது. அதைத் தெரிந்துகொள்ளத்தான் போகிறேன். போய், ஒருவரையும் உதவிக்குக் கூப்பிடாமல் திரும்பி வந்தேன் என்றால் நீ வீடு விற்கிற கதையை எடுக்கக் கூடாது. நடு வழியில் எங்கேயாவது குந்தியிருந்து உனக்கோ சித்தப்பாவுக்கோ போன் எடுத்தேன் என்றால், வீட்டைப் பூட்டித் திறப்பை நானே உன் கையில் தருவேன். மெல்பேணில் எனக்கென்று மஞ்சள் பெயின்ற் அடித்து வைத்திருக்கிறாயே ஒரு அறை, அதில் வந்து வாய் திறக்காமல் இருப்பேன். நான் வாய் திறக்காமல் இருப்பது உனக்குத் தண்டனையா எனக்கா என்பதை நீயும் றமணனும் யோசித்துக்கொள்ளுங்கள்.

இது எப்படித் தொடங்கியது என்று சித்தப்பா உனக்குச் சொல்லியிருக்க மாட்டார். அவருடைய மகன் யனுஷனுக்கு வைகாசியில் பாரிசில் கலியாணம், பொம்பிளை அங்கத்தைய பிள்ளை. அப்பா மோசம் போனது ஐப்பசியில். சொந்தத் தமையன் செத்த வருசத்தில் மகனுக்குக் கலியாணம் செய்யலாமா என்று ஐயரைக் கேட்டார்களாம், ஐயர் ஆறு மாதம் கழிந்தால் காணும், தாராளமாகச் செய்யுங்கோ என்றாராம். நல்லது. முப்பத்தோராம் நாள் என்னைக் கூப்பிட்டு, வருசம் திரும்பி ஆட்டைத் திவசம் முடியும்வரை ஒரு நல்லகாரியத்துக்கும் போகப்படாது அம்மா என்று சொன்னதும் அதே ஐயர்தான். செத்தது ஒரே ஆள். ஆனால் பார்க்கிங்கில் அவர் செத்து எவ்வளவோ காலம், லூயிஷாமில் இன்னும் நேற்றுத்தான். பங்குனியில் ஒரு நாள் சித்தப்பாவும் சித்தியும் ஒரு பெட்டி மாம்பழத்தோடு வந்தார்கள். உங்களை விட்டிட்டுச் செய்யிறது எங்களுக்கும் சரியான கவலைதான் அக்கா, ஆனால் சனம் கதைக்குமெல்லோ என்று சித்தி கண்ணைத் துடைத்தார். ஓம் என்றேன். பிறகு சித்தப்பா தொண்டையைச் செருமிக்கொண்டு அப்பாவின் வான் வண்டியைக் கேட்டார், ஒன்பது பேர் போகலாமாம், பொம்பிளை வீட்டுச் சாமான்களும் ஏற்றலாமாம். ஓம் என்று திறப்பைக் கொடுத்தேன். பிறகு சித்தி கேட்டார், நாங்கள் எல்லாரும் பாரிசிலை நிக்கிற அந்த நாலைஞ்சு நாளும் நீங்கள் எங்கடை வீட்டிலை வந்து நிக்க ஏலுமே அக்கா, மீனுக்குச் சாப்பாடு போட ஒருத்தரும் இல்லை என்று. அவர்களுடைய வரவேற்பறையில் அந்தப் பெரிய கண்ணாடித் தொட்டி இருக்கிறதே, அந்த மீன்கள்தான். நான் அப்படியே இருந்து யோசித்தேன். விலக்கு எனக்குத்தான், வானுக்கு இல்லை. மாப்பிளை பொம்பிளைக்கு முன்னால் நான் நிற்கக் கூடாது, மீனுக்கு முன்னால் நிற்கலாம். என் வாய்க்குள் யார் இருந்து கதைத்தது என்று இப்போதும் தெரியாது. அந்த நாளுகளிலை நானும் பிரான்சிலைதான் நிக்கிறன் என்று சொல்லிவிட்டேன். அதுவரை அப்படி ஒரு எண்ணம் எனக்குக் கனவிலும் இல்லை. சித்தியின் முகத்தைப் பார்த்த பிறகுதான் போகத்தான் வேண்டும் என்று முடிவு செய்தேன்.

சித்தி நினைத்தார் நான் அழைப்பில்லாமல் கலியாண ஹோலுக்குள் வந்து முன் வரிசையில் இருக்கப் போகிறேன் என்று. அன்று பின்னேரமே வட்ஸ்அப்பில் பாரிஸ் முழுக்கத் தெரிந்துவிட்டது. எனக்கு வந்த போன்களுக்கு நான் மறுமொழி சொல்லிக் களைத்துவிட்டேன். ஆட்டைத் திவசத்துக்கு முதல் கோயிலுக்கே போகப்படாது, பிரான்சுக்குப் போவியளே என்று ஒருவர் கேட்டார். கோயிலுக்குத்தான் போக வேண்டாம் எண்டவை, பிரான்சிலை சாமி இருக்கெண்டு எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லை என்றேன். அன்று இரவுதான் எனக்கு ஒரு விசயம் ஓடி வெளித்தது, மகள். நான் இந்த நாட்டுக்கு வந்த நாள் முதல் ஒரு சனி ஞாயிறு எனக்கென்று இருந்ததில்லை. கலியாணம், சாமத்தியவீடு, பிறந்தநாள், பதிவு எழுத்து, அதற்கு முதல் நாள் பலகாரம் சுடுதல், அதற்கு முதல் சீலைக்குச் சட்டை தைத்தல். அப்பாவின் லீவு முழுக்க மற்றவர்களின் நல்லகாரியத்துக்குத்தான் போனது. இந்த வருசம் ஒருவரும் என்னைக் கூப்பிட ஏலாது. ஐயரே எழுதித் தந்த லீவு மாதிரி. ஆட்டைத் திவசம் முடிந்தால் திரும்பவும் கூப்பிடுவார்கள், கூப்பிட்டு, ஆராத்தி எடுக்கிற நேரம் பார்த்து என்னைப் பின்னுக்கு ஒரு கதிரையில் இருத்துவார்கள், சாப்பிட்டிட்டுப் போங்கோ என்பார்கள். அதற்கு முதல் எனக்குக் கிடைத்திருப்பது இந்த ஒரு துண்டுக் காலம்தான். அப்பா எனக்கு விட்டுப் போனது இது என்று நினைத்துக்கொள்கிறேன். அவர் வேறு விதமாக விட்டுப் போயிருக்கலாம்.

எங்கே போகிறீர்கள் என்று நீ கேட்கவே இல்லை. பெர்ப்பினியோன். பிரான்சின் அடியில், ஸ்பெயினுக்குக் கிட்ட. அப்பா லண்டனுக்கு வர முதல், உனக்கும் முதல், எனக்கும் முதல், அங்கே ஒரு சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவினவர். அதைப் பற்றி அவர் சொன்ன கதைகளில் பாதி பொய். முதலாளி தன்னை மகன் மாதிரி வைத்திருந்தான் என்பார், அதே முதலாளி சட்டியால் எறிந்தான் என்றும் சொல்வார். ஆனால் ஒரு கதையை மட்டும் அவர் ஒரு நாளும் மாற்றிச் சொன்னதில்லை. அந்த ஊருக்குக் கிட்டப் போகும்போது ரயிலுக்கு இரண்டு பக்கமும் தண்ணீராம். நிலமே இல்லையாம், தண்டவாளம் மட்டுமாம், பெட்டிக்குள் இருந்து பார்த்தால் தண்ணிக்கு மேல் ரயில் மிதந்து போகிறது மாதிரி இருக்குமாம், நாரை மாதிரி ரோஸ் நிறக் குருவிகள் நிற்குமாம். உன்னை ஒருநாள் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுறன் என்று எத்தனை வருசம் என்னிடம் சொன்னார். நாங்கள் பிரான்சுக்குப் போகாமலும் இல்லை. எத்தனை தரம் போயிருக்கிறோம் என்று எனக்கே தெரியாது. எல்லாம் வானில். முன் சீற் வயசுபோனவைக்கு, ஜன்னல் சீற் சத்தி எடுக்கிறவைக்கு, எனக்கு நடுவில், மடியில் யாராவது ஒரு பிள்ளை. நான் பார்த்த பிரான்ஸ் உன் சித்தப்பாவின் பிடரி. எங்கடை ஆட்களின் லாச்சப்பல் கடைத்தெருவும், கலியாண ஹோலும், ஹோலின் பின்பக்கக் குசினியும் பார்த்திருக்கிறேன். ஈபிள் கோபுரத்தைக்கூட மோட்டர்வேயில் வரும்போது, அங்கை அங்கை என்று எல்லாரும் கத்தினார்கள், நான் திரும்ப முதல் போய்விட்டது. அப்பா சொன்ன தண்ணீர் உண்மையா பொய்யா என்று பார்க்க வேண்டும் எனக்கு. பொய் என்றால் அவரிடம் கேட்க ஆள் இல்லை என்பது வேறு கதை.

ரயில் ஒழுங்கெல்லாம் கல்யாணிதான் செய்தாள். உனக்கு ஞாபகம் இருக்கும், பக்கத்து வீட்டு மதுரைப் பிள்ளை, புருசன் பாஸ்கரன் பாங்கில் கொம்பியூட்டர் வேலை. இந்தியாக்காரர் எங்களைப் போல இல்லை, மகள், அவர்கள் சொந்தக்காரர் இல்லாத ஊருக்கும் போவார்கள். பத்து நாளில் ஏழு நாடு பார்த்த ஆட்கள், ஏழிலும் ஒருவரின் வீட்டிலும் சாப்பிடவில்லை. நான் பெர்ப்பினியோன் என்றதும், “சூப்பர்க்கா, நானே புக் பண்ணித் தர்றேன், நீங்க கவலையே படாதீங்க” என்றாள். யாரு வீட்ல தங்குறீங்க என்று கேட்காத முதல் தமிழ் ஆளை அன்றுதான் கண்டேன். செயின்ற் பாங்கிரசில் ஏறிப் பாரிஸ் கார் து நோரில் இறங்க வேண்டும். அங்கே நிலத்துக்குக் கீழே ஓடுகிற ரயிலில் இரண்டாவது தரிப்பு கார் து லியோன். அங்கே ஏறினால் நேரே பெர்ப்பினியோன், பிறகு மாறத் தேவையில்லை. ஸ்ரேசனுக்கு எதிரில் ஒரு சின்ன ஹோட்டல், மாடிப்படி இல்லாத அறை. பெயர் பதிகிறபோது ஒரு சிக்கல் வந்தது. முதல் பெயர் எது, குடும்பப் பெயர் எது என்று கல்யாணி கேட்டாள். பாஸ்போட்டில் இருக்கிற மாதிரி அப்பாவின் பெயர் குடும்பப் பெயராக விழுந்து, ரிக்கற்றில் அவருடைய பெயர்தான் பெரிய எழுத்தில் இருக்கிறது, நான் அதற்குக் கீழே சின்னதாக. இருபத்தைந்து வருசம் கூட்டிக்கொண்டு போகாத மனுசன், செத்த பிறகு ஜன்னல் சீற் எடுத்துக்கொண்டு வருகிறார். கல்யாணி என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கொம்பியூட்டரை மூடிவிட்டுத் தேத்தண்ணி போடப் போனாள். நல்ல பிள்ளை. தேத்தண்ணிதான் வாயில் வைக்க ஏலாது, அவ்வளவு சீனி.

இங்கிலாந்து ஐரோப்பாவை விட்டு வந்தபிறகு கட்டுப்பாடு கூடவாம். இறைச்சி கொண்டு போகக் கூடாது, பால் சாமான் கொண்டு போகக் கூடாது. முந்தி வானில் ஒரு சட்டி ஆட்டிறைச்சிக் கறி கப்பல் ஏறிப் பிரான்சின் கலே துறைமுகம் வரைக்கும் போகும், ஒருவரும் கேட்டதில்லை. நான் பயத்தம் பணியாரமும் இடித்த சம்பலும் பாணும் எடுத்துக்கொள்கிறேன், அதில் பாலும் இல்லை இறைச்சியும் இல்லை. இனி எல்லையில் எங்களுடைய படமும் எடுத்து விரல் அடையாளமும் எடுப்பார்களாம். அகதியாக வந்தபோது என் பத்து விரலையும் மையில் தோய்த்து எடுத்தார்கள், அன்று முழுக்க அழுதேன். பிரிட்டிஷ் பாஸ்போட் கிடைத்த அன்று அப்பா சொன்னார், இனி உன்ரை விரலை ஒருத்தனும் கேக்க மாட்டான் என்று. இப்போது திரும்பவும் கேட்கிறான். ஆனால் இந்த முறை வெள்ளைக்காரரும் எனக்கு முன்னால் வரிசையில் நின்று விரலை நீட்டுகிறார்களாம். அதைக் கேட்டதும் மனம் நன்றாக ஆறிவிட்டது.

சித்தப்பாவின் புத்திமதியும் எழுத வேண்டும், இல்லாவிட்டால் அவருக்குக் குறை. அவர் பிரான்சில் பதினேழு வருசம் இருந்த ஆள், அதைத் தெரியாத ஒருவரும் பார்க்கிங்கில் இல்லை. என்னை வானில் தங்கள் வீட்டுக்கு ஏற்றிக்கொண்டு போய், சோபாவில் இருந்து எனக்குப் பாடம் நடத்தினார். “மச்சாள், பாக்கைக் கழட்டாதேங்கோ, ஒருத்தரோடையும் சிரிக்காதேங்கோ, ரயிலுக்குள்ளை நித்திரை கொள்ளாதேங்கோ, ரிக்கற்றை ஆரும் கேட்டால் குடுத்திடாதேங்கோ” என்றார். ரிக்கற் பரிசோதிக்கிறவர் கேட்டாலும் குடுக்கக் கூடாதோ என்று கேட்டேன், கொஞ்சம் யோசித்துவிட்டு, ஆளைப் பாத்துக் குடுங்கோ என்றார். அப்ப நீங்கள் தெற்குப் பக்கம் ரயிலில் போயிருக்கிறீர்களோ என்று கேட்டேன். இல்லையாம். பாரிசில் இருந்து வெளியே ரயிலில் போயே இல்லையாம். வேலை, பிறகு வேலை, பிறகு லண்டன். சொல்லிவிட்டு மீன் தொட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவரில் எனக்குக் கோபம் வரவேண்டிய இடம் அது, மகள், வரவில்லை. யனுஷன் என்னை வாசல்வரை கொண்டுவந்து விட்டான். பெரியம்மா, திஸ் இஸ் ரபிஷ், நீங்கள் வெடிங்குக்கு வாங்கோ, நான் அம்மாவோடை கதைக்கிறன் என்றான். அவனுக்கு நான் சொன்னேன், உன்ரை கலியாணம் பாக்காமல் இருக்க எனக்கு ஏலும், நான் வந்து நிக்கேக்கை கொம்மா சிரிக்கப் படுற பாட்டைப் பாக்கத்தான் ஏலாது என்று. அவன் சிரித்துவிட்டு என்னைக் கட்டிப்பிடித்தான். அப்பாவின் உயரம். இனி நீங்கள் சனத்துக்கு வேறு ஒன்றும் சொல்லாமல் இருந்தால் நல்லது, நான் கார் து நோரில் இறங்கினால் லாச்சப்பல் பக்கம் என் நிழலும் விழாது என்று சித்திக்குச் சொல்லி விட்டேன். அந்த ஸ்ரேசனில் இறங்குகிற எங்கடை ஆட்கள் எல்லாரும் தோசைக் கடை வரைக்கும்தான் போவார்கள், அங்காலே பிரான்ஸ் இருப்பது அவர்களுக்குத் தெரியாது.

இனிச் சொல்லப் போவதைச் சொல்லாமல் விட்டிருக்கலாம். ஆனால் நீ கேட்ட கேள்விக்கு இதுவும் மறுமொழி, அதனால் எழுதுகிறேன். போன கிழமை நான் ஒரு ஒத்திகை பார்த்தேன். லூயிஷாமில் ஏறி லண்டன் பிரிட்ஜில் மாறி, செயின்ற் பாங்கிரஸ் போய், எங்கே நிற்பது எங்கே ஏறுவது என்று பார்த்துவிட்டுத் திரும்புவது. லண்டன் பிரிட்ஜ் வரை நன்றாகப் போனேன். அங்கே இறங்கி நின்றபோது எந்தப் பக்கம் போவதென்று தெரியவில்லை. பலகைகள் இருக்கின்றன, நான் வாசிக்கத் தெரியாதவள் இல்லை. ஆனால் எனக்கு இத்தனை வருசம் பலகை தேவைப்படவில்லை. அவர் முன்னால் போவார், நான் அவருடைய முதுகைப் பார்த்துக்கொண்டு பின்னால் போவேன். வித், வித், சுறுக்கா வா சுறுக்கா வா என்று பிரெஞ்சில் கத்திக்கொண்டு போவார், அவருக்கு அந்தக் கோப்பைக் கடையில் படித்த மொழியில் அது ஒன்றுதான் மிச்சம். அப்போது சனத்துக்குள்ளே அந்த முதுகு போகிறது. அதே மண்ணிறக் கோட், வலது தோள் கொஞ்சம் பதிந்த நடை. எனக்குத் தெரியும் அது அவர் இல்லை என்று. எரித்து, சாம்பலைச் சவுத்தெண்ட் கடலில் போட்டதை நான்தானே பார்த்தேன். தெரிந்தும் கால் போனது. அந்த முதுகுக்குப் பின்னால் படியேறி, அது ஏறின ரயிலில் ஏறி, அது இருந்த இருக்கைக்கு இரண்டு வரிசை பின்னால் இருந்தேன். பெரிய நிம்மதி, மகள். எங்கே போகிறோம் என்று யோசிக்க வேண்டியதில்லை. ரயில் கிறோய்டனில் நின்றபோது அந்த மனுசன் எழும்பித் திரும்பினார். ஒரு வெள்ளைக்காரக் கிழவர், காதில் மெசின். என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு இறங்கிப் போனார். செயின்ற் பாங்கிரஸ் வடக்கே, நான் தெற்கே போய் நிற்கிறேன்.

கிறோய்டன் ஸ்ரேசனில் ஒரு வாங்கில் குந்தியிருந்தேன். போனைக் கையில் எடுத்தேன், மறைக்கவில்லை. உன் பெயர் வரை போய்விட்டேன், அங்கே உனக்கு விடியப்புறம். நீ எழும்பிப் பதறி, சித்தப்பாவுக்கு எடுத்து, அவர் வானில் வந்து என்னை ஏற்றி, வழி முழுக்க நான் சொன்னேனே மச்சாள் என்று சொல்லி, எல்லாம் எனக்கு அப்படியே தெரிந்தது, பிடரி உட்பட. போனை உள்ளே வைத்தேன். கொஞ்சம் அழுதேன், பக்கத்தில் இருந்த கறுப்புப் பிள்ளை கண் துடைக்க ரிசுக் கடதாசி தந்தது, யூ ஓகே ஆன்ரி என்று கேட்டது. ஐ ஆம் இன் றோங் ரெயின் என்றேன். எவ்ரிபடி இஸ், ஆன்ரி என்றது, சொல்லிவிட்டுத் தன்னுடைய சிப்ஸைத் தின்றது. பிறகு நான் எழும்பி, பலகையை ஒவ்வொரு எழுத்தாக வாசித்தேன், நீ இப்போது இந்தக் கடிதத்தை வாசிக்கிற மாதிரி. சரியான ரயிலில் ஏறி நேரே செயின்ற் பாங்கிரஸ் போனேன். ஏறுகிற இடத்தைப் பார்த்தேன், விரல் வைக்கிற மெசினைப் பார்த்தேன், பெட்டி இழுத்துக்கொண்டு போகிற சனத்தைப் பார்த்தேன். ஒருவரும் ஒருவருக்கும் பின்னால் போகவில்லை. வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது இருட்டிவிட்டது. நான் எங்கே போய் வந்தேன் என்று கேட்க வீட்டில் ஒருவரும் இல்லை. அது கவலையாகவும் இருந்தது. கேட்கிறவர் இருந்திருந்தால் கிறோய்டன் கதையைச் சொல்ல வேண்டி வந்திருக்கும் என்று கொஞ்சம் ஆறுதலாகவும் இருந்தது. அதற்குப் பிறகு இன்னும் இரண்டு தரம் போய் வந்துவிட்டேன். ஒருதரமும் பிழைக்கவில்லை. அந்த மண்ணிறக் கோட்டைத் திரும்பக் காணவும் இல்லை. தேடினேன், சொல்லித்தான் ஆகவேண்டும்.

ரிக்கற்றைக் கான்சல் பண்ணச் சொன்னாய். அன்று கல்யாணி சொன்னாள், ரெண்டு விதமா இருக்குக்கா, ஒண்ணு மாத்திக்கலாம், ஒண்ணு மாத்தவே முடியாது, உங்களுக்கு மாத்துறதுதான் சேஃப் என்று. மாத்த ஏலாததை எடு பிள்ளை என்றேன். ஏங்க்கா என்று திகைத்தாள். மாத்தலாம் எண்டால் நான் மாத்துவன் என்றேன். எனக்குப் பயம் இல்லை என்று நினைக்காதே. இரவில் எழும்பி இருந்து கார் து லியோன், கார் து லியோன் என்று சொல்லிப் பார்க்கிற அளவுக்குப் பயம். ஆனால் அப்பா போன பிறகு எனக்கு வந்த மற்றப் பயங்கள் எல்லாம் சனம் சோற்றுச் சட்டியோடு வீட்டுக்குக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனது. தனிய எப்படி இருப்பீர்கள், இரவில் என்ன செய்வீர்கள், விழுந்தால் யார் தூக்குவார்கள் என்று. இந்த ஒரு பயம்தான் நானாகத் தேடி எடுத்தது. அதைத் திருப்பிக் கொடுக்கவும் ஏலாதாம்.

உனக்கும் றமணனுக்கும் ஒரு குறையும் வராது, அப்பா மேலே சும்மா இருக்கிற ஆள் இல்லை, அங்கேயும் யாருக்காவது வான் ஓடிக்கொண்டு உங்களையும் ஒரு கண் பார்த்துக்கொள்வார். நேரத்துக்குச் சாப்பிடு. காய்ச்சல் வந்தால் எனக்குச் சொல், நான் அழமாட்டேன், ரசம் வைக்கிற விதம் மட்டும் சொல்வேன். வீட்டுத் திறப்பு கல்யாணியிடம் இருக்கும், சித்தப்பாவிடம் இல்லை, இதை அவருக்குச் சொல்லாதே. ஓகஸ்டில் இரண்டு பேரும் கட்டாயம் வாருங்கள், வீட்டு ஏஜென்ற் ஒருவருக்கும் இப்போதைக்குப் போன் பண்ணாதே. கலியாணக் கிழமையில் நீ எனக்கு எடுக்கக் கூடாது, நூறு தரம் கை வரும், எடுக்கக் கூடாது. நான் எடுத்தால் நீ வென்றாய், மஞ்சள் அறையைக் கூட்டி வை. என்னிடம் இருந்து ஒரு சத்தமும் இல்லாவிட்டால் பயப்படாதே, அம்மா அழகாக ரயிலில் போய்க்கொண்டிருக்கிறாள் என்று நினைத்து நித்திரை கொள்.

அன்பும் ஆசியும் என்றும்,
உன் அம்மா
செல்வரத்தினம் சிவனேஸ்வரி